மாவிலாற்றில் விழும் சருகு எங்கே போகிறது?

மாவிலாறு என்றதும் எமக்கு 2006 யூலையில் மூடப்பட்ட மதகும், பின் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனமுமே நினைவுக்கு வரும். அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதன் கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் கரையோர மருதமரங்களின் இலைகள் விழுகின்றன. இலையில் இருப்பது மரம் காற்றிலிருந்து எடுத்த காபன். பூஞ்சணமும் பற்றீரியாவும் அதை ஊறவைத்து மென்மையாக்க, பூச்சிகளும் இறால்களும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. மரத்தின் காபன் எங்கள் கறிச்சட்டிக்கு வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

சருகில் நைதரசன் குறைவு. அதனால் இந்த வேலை மெதுவாகவே நடக்கும். ஆனால் 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. வயலிலிருந்து வடியும் பங்கு ஓடைக்கு வந்தால் நுண்ணங்கிகள் வேகம் பிடிக்கின்றன. சருகு சீக்கிரம் கரைந்து, கூடுதலான காபன் காபனீரொட்சைட்டாகக் காற்றுக்குப் போகிறது. அமெரிக்காவின் வட கரோலைனாக் காட்டோடைகளில் நைதரசனும் பொசுபரசும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. சருகுக் காபன் ஓடையில் தங்கும் காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு பூச்சிக்கும் இறாலுக்கும் என்ன மிஞ்சும்?

நைதரசனை மாற்றும் பற்றீரியாக்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒரு வகை, நீரின் ஒட்சிசனைச் செலவழித்து அமோனியாவை நைத்திரேற்றாக்குகிறது. தன் உடலைக் கட்டக் கொஞ்சம் காபனீரொட்சைட்டையும் எடுத்துக்கொள்கிறது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் மற்றொரு வகை, நைத்திரேற்றைக் கொண்டு சருகின் காபனை எரிக்கிறது. அப்போது நைதரசன் வாயுவாக வெளியேறி நீர் சுத்தமாகிறது. நைத்திரேற்று இருக்கும்வரை மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகளும் அடங்கியே கிடக்கும். ஆனால் ஒரு பங்கு நைத்திரசு ஒட்சைட்டாகத் தப்பினால், அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் (100 ஆண்டுக் கணக்கில்).

இதற்காகப் பசளையை நிறுத்தச் சொல்வது அநியாயம். 2021 மே மாதத் தடையின் வலியை எங்கள் வயற்காரர் பட்டாயிற்று. நவம்பரில் அரசே அதை விலக்கிக்கொண்டது. யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுவதும், இட்ட சில நாட்களுக்கு வக்கடையைக் கட்டிவைப்பதும் செலவில்லாத வேலைகள். மூட்டை விற்கும் விலையில், வாய்க்காலோடு போகும் யூரியா வயற்காரருக்கும் நட்டம்தான்.