புழங்குபொருளும் அழகும் – 7: ஓலைப் பெட்டியும் வாடைக்காற்றுப் பட்டமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில், 1974இல் உருவானது. இராமநாதனின் தாய்மாமனான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனே கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளிவந்த அவரது பெருநூல், விகாரைச் சுவரோவியத்தோடு பாய், தந்தச் சீப்பு, அரக்குப் பூச்சு வேலை ஆகியவற்றையும் ஒரே மதிப்போடு ஆராய்ந்தது. கலைஞன் வேறு, கைவினைஞன் வேறு என்ற பிரிவினையை வாழ்நாள் முழுவதும் மறுத்த அவருடைய பார்வையை யாழ்ப்பாணத்தின் வீட்டுப் பொருள்கள் மீதும் விளையாட்டுப் பொருள்கள் மீதும் திருப்பினால், அலங்காரம் என்பது பொருள் செய்து முடிந்த பின் மேலே இடப்படுவதன்று, செய்முறையின் உள்ளிருந்தே பிறப்பது என்ற உண்மை தெளிவாகும்.

இதற்கு முதற்சான்று பனையோலைப் பெட்டி. முற்றாத ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வார்ந்து, அவற்றுட் சிலவற்றை மட்டும் காய்ச்சிய சாயத்தில் தோய்த்தெடுத்த பின்னரே இழைத்தல் தொடங்குகிறது. இழைத்தல் என்பது கீற்றுகளை ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகக் கோத்துப் பின்னுவதாகும். எந்தக் கீற்று எந்த இடத்தில் மேலே வரும் என்பதை முதல் வரியிலேயே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், கோலத்தின் முழுக் கணக்கும் இழைப்பவரின் மனத்தில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். பின்னலில் வளைகோடு அமையாது. ஆகவே பூவும் இங்கு சாய்சதுரமாகவும் படிப்படியாக ஏறும் கோடாகவுமே உருக்கொள்கிறது. சதுர அடியில் எழும்பி வட்ட வாயில் முடியும் பெட்டியில், மூலை திரும்பும் இடத்தில் கோலம் சிதையாமல் காப்பதே தேர்ந்த கைக்கு அடையாளம். சுமை தாங்கும் கடகத்திலோ அழகு இன்னும் நேரடியாகப் பயனிலிருந்து பிறக்கிறது. விளிம்பையும் அடியையும் வலுப்படுத்த மட்டையிலிருந்து உரித்த நாரால் பொத்தும்போது, அந்தக் கட்டுகளின் ஒழுங்கே கண்ணுக்கு அணியாகிவிடுகிறது. வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் சிறிய கொட்டைப்பெட்டியிலும் இதே அக்கறை காணப்படுவது, கைக்குள் அடங்கும் பொருளையும் அந்தச் சமூகம் அலட்சியமாகச் செய்யவில்லை என்பதைக் காட்டுகிறது.

விளையாட்டுப் பொருள்களில் இதற்கு இணையானது பட்டம். வடகீழ்ப் பருவத்து வாடைக்காற்றில் குடாநாடெங்கும் ஏறும் பட்டங்கள், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் போட்டியில் உச்சத்தை அடைகின்றன. கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை என உருவத்தாலேயே பெயர்பெறும் இவற்றில், வண்ணத்தாளும் பசையும் எடை கூட்டுவன என்பதால், ஒரு சிறகில் ஒட்டியதற்கு ஈடாக மறு சிறகிலும் ஒட்டினால்தான் பட்டம் சாயாது பறக்கும். இருபுறமும் ஒத்த கோலம் இங்கு கண்ணின் விருப்பம் மட்டுமன்று, காற்றின் கட்டளையும் ஆகும். நூலைப் பிணைக்கும் முச்சையும் அவ்வாறே அளவு பார்த்துக் கட்டப்படும். வில்லாக வளைத்த சலாகையில் மெல்லிய நாடாவை இழுத்துக் கட்டிய ‘விண்’ என்னும் உறுப்பு, காற்றுப் பட்டதும் அதிர்ந்து நீளமாக ஒலிப்பதால், யாழ்ப்பாணத்துப் பட்டத்தின் அலங்காரம் செவிக்கும் உரியது.

கடல் கடந்தும் இதன் உறவு காணக்கிடைக்கிறது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் செய்யப்படும் ‘வௌ புலான்’ என்ற நிலவுப் பட்டத்திலும் ஒலிக்கும் வில் உண்டு; அதன் உடலில் கொடியும் இலையுமாக வெட்டிய பளபளப்புத் தாள்கள் அடுக்கடுக்காக ஒட்டப்படுகின்றன. நெருங்கிப் பார்க்கத்தக்க நுண்வேலை அங்கு சிறப்பென்றால், தரையில் நிற்பவருக்கு வானில் தெளிவாகத் தெரியும் உருவம் இங்கு சிறப்பு.

பட்டக்கலை ஆண்டுதோறும் புதுமை காண்பதற்குப் போட்டியே முதன்மைக் காரணம். ஒருவர் செய்ததை அடுத்தவர் விஞ்ச முனைவதால், தட்டையான பட்டம் கனவடிவங்களாகவும் அசையும் உறுப்புள்ள உருவங்களாகவும் வளர்ந்திருக்கிறது. ஓலைப் பெட்டிக்கோ நடுவர் இல்லை, பார்வையாளர் கூட்டமும் இல்லை. நினைவுப் பொருளாக விற்கும் அவசரத்தில் இழைப்பின் மீது மைப்பூக்களை வரைந்து பின்னலையே மறைப்பது அந்தக் கலைக்குச் செய்யும் அநீதி. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவகமும், திருநெல்வேலியின் நுண்கலை மாணவர்களும் இணைந்து, இழைப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட ஆண்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கினால், மூலை திரும்பும் கோலத்தின் கணக்கை அறிந்த முதிய பெண்களே அதன் முதல் நடுவர்களாக அமரலாம்.