டெலீட் செய்த மெயிலில் மீண்டும் வைரஸா?

"வைரஸ் வந்த மெயிலை டெலீட் செய்துவிட்டேன். ஆனாலும் ஆன்டி வைரஸ் புரோகிராம் அதே வைரஸைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறதே, ஏன்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. மெயில்கள் சேமிக்கப்படும் விதத்தில்தான் இதற்கான பதில் இருக்கிறது. மெயில் சர்வரைப் பார்த்துக் கொள்வதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லினக்ஸ் சர்வர்களில் இரண்டு முறைகள் பிரபலம். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி பைல். கிளாம் ஏவி போன்ற ஸ்கேனரை இயக்கி, அது காட்டும் பைலை மட்டும் அப்புறப்படுத்தினால் போதும். பழைய எம்பாக்ஸ் முறை அப்படியல்ல. ஒரு போல்டரில் உள்ள எல்லா மெயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பைலில் எழுதப்பட்டிருக்கும். இங்கே "வைரஸ் உள்ள பைலை நீக்கு" என்று ஸ்கேனருக்குக் கட்டளையிட்டால், ஒரு கெட்ட மெயிலுக்காக அந்த போல்டரே காணாமல் போய்விடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் பலருடைய மெயில்பாக்ஸ்கள் ஒரே டேட்டாபேஸ் பைலில் இருக்கும். அதனால் அந்த பைலைச் சாதாரண ஸ்கேனர் தொடாதபடி விலக்கி வைக்கும்படி மைக்ரோசாப்ட் நிறுவனமே கூறுகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ், அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பிக் கொண்டது. ஒரே தலைப்புள்ள மெயில் ஆயிரக்கணக்கில் குவிந்தால் என்ன செய்வது? எக்ஸ்சேஞ்ச் 2003 வரை இதற்கு எக்ஸ்மெர்ஜ் என்ற கருவி உதவியது. மெயிலின் தலைப்பையோ அட்டாச்மென்ட் பெயரையோ கொடுத்தால், மெயில்பாக்ஸ்களில் தேடி அவற்றை மட்டும் உருவி எடுத்துவிடும்.

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். தண்டர்பேர்ட் புரோகிராமும் வழக்கமாக எம்பாக்ஸ் முறையையே பின்பற்றுகிறது. நீங்கள் டெலீட் செய்யும் மெயில் கண்ணுக்கு மறையுமே தவிர, பைலுக்குள் அப்படியே இருக்கும். எனவே மெயிலை டெலீட் செய்து, டிராஷ் போல்டரைக் காலி செய்திடுங்கள். பின்னர் இன்பாக்ஸ் மீது ரைட் கிளிக் செய்து 'காம்பேக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பைலிலிருந்து உண்மையாகவே நீங்கும்.

ஆன்டி வைரஸ் எச்சரிக்கையில் பைலின் பெயர் 'இன்பாக்ஸ்' என்று இருந்தால் டெலீட், குவாரன்டைன் இரண்டையும் அழுத்த வேண்டாம். அட்டாச்மென்டைத் திறக்காதவரை அது தானாக இயங்காது, அவசரமில்லை. ஐமேப் கணக்கு என்றால் பைல் அழிந்தாலும் சர்வரிலிருந்து மெயில்கள் மீண்டும் இறங்கிவிடும் (வைரஸ் மெயிலும் கூடவே!). பாப் கணக்கில், சர்வரில் நகல் வைக்காதவர்களுக்குப் போனது போனதுதான்.

தண்டர்பேர்ட் செட்டிங்ஸில், வரும் மெயில்களைத் தனித்தனியாகக் குவாரன்டைன் செய்ய ஆன்டி வைரஸை அனுமதிக்கும் வசதி ஒன்று உண்டு. அதில் இன்றே டிக் செய்திடுங்கள்.