கத்தரி போகும் வழி

பாட்டியின் பழைய காஞ்சிப் பட்டை வெட்டலாமா கூடாதா என்று வீட்டில் பேச்சு நடந்து ஓய்ந்தபின், பரதம் கற்கும் பேத்திக்காகப் புடவை தையற்காரரிடம் போகிறது. பேத்திக்கு அளவெடுக்கும் முன் அவர் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பார். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த இடத்தில் இழை இற்று, வெளிச்சம் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற கணக்கெல்லாம்.

அடுத்தது கரை. கோர்வைப் புடவையை நெய்ய மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுவதுபோல, உடல் ஊடையும் கரை ஊடையும் கரை சேரும் இடத்தில் கோத்துத் திரும்புகின்றன. அந்தச் சேர்க்கையில் கத்தரி பட்டால் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். தாழம்பூ ரேக்கு போட்ட கரையென்றால் அதன் பற்கள் உடலுக்குள் நீண்டிருக்கும். அவற்றையும் தாண்டி ஒரு விரல் அகலம் விட்டு வெட்ட வேண்டும்.

பிறகு புடவையில் நெய்த மயில். உடலில் உள்ள புட்டா பெரும்பாலும் கீழ்க்கரையில் கால் ஊன்றி நிற்கும். முந்தானை மயிலோ முந்தானை தொங்கும் திசையைப் பார்க்கும். ஒன்றுக்கொன்று கால்வட்டத் திருப்பம். இதைக் கவனிக்காமல் தைத்தால் மேடையில் மயில் படுத்துக் கிடக்கும்! அதனால் முந்தானை நடன ஆடையின் முன்புற விசிறி மடிப்புக்குப் போகிறது. உடல் துணி, கரை கணுக்காலில் வரும்படி கால்சட்டையாகிறது.

ஒரு காலத்தில் ஆடியவர்கள் கால்சட்டைக்கு மேல் புடவையையே கட்டிக்கொண்டார்கள். 1935-இல் அடையாறில் மேடையேறிய ருக்மிணி தேவிதான் தைத்த ஆடைக்கு வழி திறந்தவர். அவருக்கு ஆடை தைத்துக் கொடுத்தவர் மதாம் கசான் என்ற இத்தாலியப் பெண். கோயில் சிற்பங்களைப் பார்த்து வடிவமைத்ததாகச் சொல்வார்கள். என் கண்ணுக்கு அரைமண்டியில் விரியும் அந்த விசிறி மயில்தோகைதான். மயில்கண் புட்டாக்கள் கொசுவத்துக்குள் ஒளிந்திருந்து, முழங்கால் விலகும்போது ஒருசேர வெளியே வரும்.

விசிறி அப்படி விறைப்பாக விரிவதற்கு ஜரிகை உதவுகிறது. பட்டிழையின் மேல் சப்பட்டையான வெள்ளிக்கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் ஜரிகை. உலோகமாதலால் இஸ்திரி போட்ட மடிப்பு நிற்கும். பிளாஸ்டிக் படலத்தில் செய்த போலி ஜரிகை சூட்டில் சுருங்கிவிடும். அதனால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்த்த பிறகே தையற்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவார்.