நீலி அழுதது பொய்யா?

எமது அரசியல் எழுத்தில் மிகவும் தேய்ந்துபோன சொற்களில் ஒன்று ‘நீலிக்கண்ணீர்’. ஜெனீவா அமர்வு நெருங்கும் மாதங்களில் அது பத்திரிகைகளில் கூடுதலாகத் தலைகாட்டும். அரசாங்கம் நீலிக்கண்ணீர் வடிக்கிறது, எதிர்க்கட்சி நீலிக்கண்ணீர் வடிக்கிறது. தேர்தல் வந்துவிட்டால் எம்மவர்களும் ஒருவரையொருவர் பார்த்து அதையே சொல்வார்கள். பொய் அழுகை என்று பொருள். அந்த நீலி யார், அவள் எதற்காக அழுதாள் என்று கேட்டால் பலரும் ‘யாரோ ஒரு பேய்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேய் என்பது சரி. ஆனால் பேயாவதற்கு முன் அவள் கொலை செய்யப்பட்ட ஒரு பெண்.

கதை நடந்த இடமாகச் சொல்லப்படுவது தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருவாலங்காடும் அதையடுத்த பழையனூரும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போய்ச் சேர்ந்த தலம் என்பதால் எம்மவர்களுக்குத் திருவாலங்காடு புதிய பெயரல்ல. 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் அங்கு பாடிய பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது. ஆகவே குறைந்தது 1300 ஆண்டுகளாகத் தமிழர்கள் சொல்லிவரும் கதை இது.

சொல்வோருக்கு ஏற்பக் கதை மாறும். தொண்டை நாட்டில் சொல்லப்படும் வடிவத்தில், வீட்டில் மனைவி இருப்பதை மறைத்துக் காசியில் இன்னொரு பெண்ணை மணக்கும் ஒரு பிராமணன், ஊர் திரும்பும் வழியில் அவளையும் துணைக்கு வந்த அவளது சகோதரனையும் கொன்றுவிடுகிறான். தெற்கே நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவள் ஒரு தேவதாசி. அவளுடைய பொருளையெல்லாம் கரைத்த காதலன், காட்டு வழியில் நம்பி உறங்கியவளின் தலையில் கல்லைப் போட்டுவிட்டு நகைகளை எடுத்துக்கொண்டு போகிறான். தேடிவந்த சகோதரன் அவளது உடலைக் கண்டு அங்கேயே உயிரை விடுகிறான். சுற்றி நின்ற கள்ளிச் செடிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பிறகு வருவதுதான் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும் பகுதி. இறந்த இருவரும் சோழ மன்னனுக்கு இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள்: நீலன், நீலி. சில நாட்களில் ஊரில் மாடுகள் குறையத் தொடங்குகின்றன. கள்வர் என்று நினைத்துக் காவல் போடுகிறார்கள். பார்த்தால், பால்குடி மறவாத அந்த இரண்டும் இரவில் தொட்டிலை விட்டு இறங்கிப் போய் மாடுகளைத் தின்றுவிட்டு, விடியுமுன் வந்து ஒன்றும் அறியாத பிள்ளைகளாகப் படுத்துக்கொள்கின்றன. அரசன் அஞ்சிப்போய்ப் பிள்ளைகளைக் காட்டில் ஒரு வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வரச் செய்கிறான். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பசி எங்கிருந்து வந்தது என்று அரண்மனையில் ஒருவரும் கேட்கவில்லை. பதுங்குகுழிக்குள் பிறந்து, யுத்தம் முடிந்த பின்னும் இரவில் அலறி எழுந்த பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்களுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

காட்டில் நீலனும் இறந்துபோகிறான். நீலி தனியே வளர்ந்து பருவமடைகிறாள்.

கொன்றவனும் மறுபிறவி எடுத்திருக்கிறான். இப்போது அவன் ஒரு வணிகன், ஊர் மதிக்கும் செட்டி. முற்பிறவியில் செய்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. அவளுக்கோ எல்லாம் நினைவிருக்கிறது. மறுபிறவி என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு நம் முன்னோர் எவ்வளவு துல்லியமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். செய்தவனுக்கு அது கழிந்துபோன ஒரு பிறவி. பட்டவளுக்கு அது நேற்று.

வணிகனிடம் ஒரு மந்திரித்த வாள் உண்டு. அது கையில் இருக்கும்வரை பேய் அவனை நெருங்க முடியாது. எனவே நீலி ஓர் அழகிய பெண்ணாக உருவெடுத்து, ஒரு கள்ளிக் கொம்பை முறித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நடக்கிறாள். பயந்து ஓடிய அவன் பழையனூரில் வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த சபைக்குள் நுழைகிறான். அவளும் நுழைகிறாள். ‘இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகிறார்’ என்று சொல்லி அழுகிறாள். ‘இவள் பெண்ணல்ல, பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்’ என்று அவன் கதறுகிறான். குழந்தையை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். அது தவழ்ந்து போய் ‘அப்பா’ என்று அவன் மடியில் ஏறுகிறது. சபைக்கு அது போதுமான சாட்சியாகிறது.

வாளைச் சபையிடம் கொடுத்துவிட்டு, அன்றிரவு மனைவி பிள்ளையோடு ஓர் அறையில் தங்கும்படி அவனுக்குச் சொல்கிறார்கள். செத்துப்போவேன் என்கிறான் அவன். உனக்கு ஏதும் நடந்தால் எங்கள் எழுபது பேரின் உயிரும் அதற்கு ஈடு என்று அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்ததும் கதவைத் திறந்தால் உள்ளே கிடந்தது வயிறு கிழிந்த அவனது உடல். பெண்ணையும் காணவில்லை, பிள்ளையையும் காணவில்லை. எழுபது பேரும் தீ வளர்த்து அதில் இறங்கினார்கள்.

சைவ உலகம் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது அந்த எழுபது பேரை. சொன்ன சொல் தவறாதவர்கள் என்று அவர்களைச் சேக்கிழார் புராணம் புகழ்கிறது. தீப்பாய்ந்த அந்த இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புராண படனம் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கும் கதை அந்த வழியாகத்தான் வந்தது. வேளாள வாய்மைக்கு ஓர் உதாரணமாக. அதைச் சொன்னவர்களின் சாதிப் பெருமிதமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கொலையுண்ட பெண்ணுக்கு மிஞ்சியது ஒரு மரபுத்தொடர் மட்டும்.

அவள் சபையில் அழுத அழுகையை இன்னொரு தடவை பார்ப்போம். குழந்தை பொய். உருவம் பொய். ‘இவன் என் கணவன்’ என்பது இந்தப் பிறவியில் பொய், முற்பிறவியில் மெய். ‘என்னைக் கைவிட்டான்’ என்பது உண்மையைவிடக் குறைத்துச் சொன்னது. உண்மையைச் சொல்ல அந்தச் சபையில் அவளுக்கு வழி இருந்ததா? ‘நான் இவனால் கொல்லப்பட்டவள்’ என்று ஒருத்தி வந்து நின்றால் அதை விசாரிக்க எந்தச் சபையிடமும் விதி இல்லை. கைவிடப்பட்ட மனைவி என்ற வழக்கை மட்டுமே அவர்களுக்கு விசாரிக்கத் தெரியும். ஆகவே சபைக்கு விளங்கக்கூடிய ஒரு வழக்கை அவள் தயாரித்துக்கொண்டு போனாள். பேய் என்று சொல்லி நடுங்கியவனிடம், ‘ஒரு பேய் உன்னைத் தேடிவர நீ என்ன செய்தாய்?’ என்று அந்த எழுபது பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

எம் தாய்மார் ஏறி இறங்காத சபை இல்லை. 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றிலும் அதே புகைப்படத்தைக் காட்டி, அதே திகதியைச் சொல்லி, அதே அழுகையை அழுதிருக்கிறார்கள். ‘கையில் பிடித்துக் கொடுத்தேன், எங்கே?’ என்பது அவர்களது கேள்வி. படிவங்களில் இருந்ததோ மரணச் சான்றிதழும் இழப்பீடும். சபைக்கு விளங்கும் வழக்குக்கும் சொல்லவந்த வழக்குக்கும் இடையில் இருந்த அதே தூரம்தான். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் சபைகளை விட்டு வீதிக்கு வந்திருந்தார்கள். அங்கே அமர்ந்திருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துபோனார்கள்.

பழையனூரார் மீது எனக்கு மரியாதை உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அவர்களது தீர்ப்புப் பிழைத்தது. ஆனால் தீர்ப்புக்குத் தங்களையே பிணையாக வைத்தார்கள், பிழைத்தபோது அதைக் கொடுத்தார்கள். எமக்கு வாய்த்த ஆணைக்குழுக்களில் எதைக்கொண்டும் எவரும் பிணை நிற்கவில்லை.

இருந்தாலும் இந்தக் கதையில் எனக்குத் தீராத சங்கடம் ஒன்று உண்டு. நீலி தேடிவந்தது ஒரு கொடியவனை. போனது எழுபத்தோர் உயிர். ஒரு வடிவத்தில், சபை முடிந்து உழப்போயிருந்த ஒருவர் செய்தி கேட்டு ஏரின் கொழுவிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். அவர் அவளுக்கு என்ன செய்தார்? வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். நீலனின் சாவுக்கு அந்த எழுபது பேரே காரணம் என்று அவர்களது பாட்டில் ஒரு முடிச்சு வருகிறது. அதனால் எழுபது பேரும் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள், கேட்பவரின் மனமும் ஆறுகிறது. பழிவாங்கும் கதையைச் சொல்பவர் எவரும் இப்படி ஒரு முடிச்சைத் தேடித்தான் ஆகவேண்டும். எரியில் விழுந்தவர்களுக்கும் ஏதோ ஒரு குற்றம் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. நாங்களும் 30 ஆண்டுகளில் இப்படிப் பல முடிச்சுகளைப் போட்டிருக்கிறோம்.

சினிமா இந்தச் சங்கடத்தை எளிதாகத் தாண்டிவிடும். கேரளத்தில் சொல்லப்படும் கள்ளியங்காட்டு நீலியை வைத்து டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ என்ற மலையாளப் படம் 2025 ஓகஸ்டில் வெளிவந்தது. அதில் நீலி தன் சனங்கள் அரசனின் படையால் கொல்லப்படுவதைக் காணும் ஒரு காட்டுச் சிறுமி. அங்கிருந்து இரத்தம் குடிக்கும் பிறவியாகி, நூற்றாண்டுகள் கடந்து இன்றைய பெங்களூரில் உடலுறுப்புக் கடத்தும் கும்பலோடு மோதுகிறாள். கல்யாணி பிரியதர்ஷன் நன்றாகவே செய்திருக்கிறார். அந்தச் சிறுமி வரும் பகுதியை எம்மவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் யார் கெட்டவர் என்பதில் படம் பார்ப்பவருக்கு ஒரு கணமும் சந்தேகம் வராது. பழையனூர்க் கதை அந்த வசதியைத் தருவதில்லை.

நீலிக்கு இன்னொரு வாழ்க்கையும் எழுதப்பட்டிருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’ எமது பாடப்புத்தகங்களில் ஒரு பெயராக மட்டும் வந்துபோகும். சமண நூல். எழுதியவர் பெயர் தெரியாது. 1936 இல் சக்கரவர்த்தி நயினார் அதைப் பழைய உரையோடு அச்சேற்றினார். பாஞ்சால நாட்டில் ஒரு சுடுகாட்டில் காளி கோயில். பலிகொடுக்க ஆடுகளோடு வந்தவர்களை அங்கிருந்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் தடுத்து, மண்ணால் ஆடு செய்து வைக்கச் சொல்கிறார். கோபங்கொண்ட காளி, தன்னால் முடியாததைச் செய்யத் தெற்கே பழையனூரிலிருந்து நீலியை அழைக்கிறாள். நீலி வந்து பயமுறுத்துகிறாள். முனிவர் அசையவில்லை. அரசன் மகளாக உருமாறி மயக்கப் பார்க்கிறாள். அவருக்கு அது யாரென்று தெரிந்துவிடுகிறது. அவர் வாள் எடுக்கவில்லை, மந்திரம் ஓதவில்லை, அவளோடு பேசுகிறார். அவள் கேட்கக் கேட்கப் பதில் சொல்கிறார். கொல்வதை விட்டுவிடும் அந்தப் பேய், அதன் பிறகு நாடெங்கும் போய் அறிஞர்களோடு வாதம் செய்பவளாகிறாள்.

அவள் முதலில் எதிர்கொள்வது குண்டலகேசியை. அவளும் கிட்டத்தட்ட இதே காயம் பட்டவள். மரணதண்டனையிலிருந்து மீட்டு மணந்த கள்வன் தன்னை மலையுச்சியில் இருந்து தள்ளிவிடப் போகிறான் என்று அறிந்ததும், சாகுமுன் ஒருமுறை வலம்வர விடு என்று கேட்டு, பின்னால் போய் அவனைத் தள்ளிவிட்டுப் பௌத்தத் துறவியானவள். பாளி நூல்களிலும் அவள் இருக்கிறாள். இருவரும் சந்தித்தால் எவ்வளவு பேசியிருக்கலாம்! நூல் அவர்களை ஒருவரையொருவர் தோற்கடிக்க விடுகிறது. நீலகேசி ஒரு மதச்சார்பான நூல், எதிர்த்தரப்பை நியாயமாக நடத்துவதில்லை. நீலி எப்படிப் பேயானாள் என்பதிலும் அதற்கு அக்கறை இல்லை. பேச்சைக் கொடுத்துவிட்டுக் கடந்த காலத்தை எடுத்துக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

என்றாலும் பௌத்தர்களோடு அவள் செய்யும் வாதங்களில் ஓர் இடம் இன்றைக்கும் சூடாக இருக்கிறது. தான் கொல்லாமல், கொன்றதை வாங்கி உண்பவனுக்குப் பாவமில்லை என்ற நியாயத்தை அவள் ஏற்பதில்லை. வாங்குபவன் இருப்பதால்தானே கொல்பவன் இருக்கிறான் என்பது அவளுடைய பக்கம். கத்தி பிடித்தவனோடு பொறுப்பு முடிந்துவிடுமா, அதற்கு மேலே யார் யார் என்ற கேள்வியைப் பத்து நூற்றாண்டுகளுக்கு முன் தமிழில் கேட்டது ஒரு முன்னாள் பேய். ஜெனீவாவில் இப்போதும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குண்டலகேசியின் காப்பியம் அழிந்துவிட்டது. பத்தொன்பது பாடல்கள் அளவில்தான் கிடைத்திருக்கின்றன. தமிழில் அவளது கதை எமக்குத் தெரியவருவது, அவளைத் தோற்கடித்த நீலகேசிக்கு வாமன முனிவர் எழுதிய உரையிலிருந்து.

நாஞ்சில் நாட்டில் நீலி இப்போது இசக்கி அம்மன். நாகர்கோவிலுக்குப் போகும் வழியில், முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே அவளது பெரிய கோயில் இருக்கிறது. பிள்ளை இல்லாதவர்கள் அங்கே தொட்டில் கட்டுகிறார்கள், மண்ணால் செய்த குழந்தைப் பொம்மைகளை வைக்கிறார்கள். இசக்கியின் கையில் ஒரு குழந்தை இருக்கும். சபையில் தவழ்ந்து போய் ‘அப்பா’ என்ற அந்தக் கள்ளிக் கொம்புதான் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். தொட்டில் கட்ட வருகிறவர்கள் அப்படி எதுவும் நினைப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அவள் அம்மா.