உடைவதும் கூடுவதும்

திரையிலே ஒரு குட்டி வீரன் கையை நீட்டுகிறான். தரையில் சிதறிக் கிடந்த கட்டைகள் ஏதோ மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவை போல ஒவ்வொன்றாக மேலெழுந்து, மிதந்து சென்று, ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, கண்ணெதிரே ஒரு பாலமாக உருக்கொள்கின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனத்தார் ஆக்கி, 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 'லெகோ ஸ்டார் வார்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டில், குழந்தைகளும் பெரியவர்களும் ஒருங்கே மனம் பறிகொடுத்த காட்சி இது. 1977-இல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிவைத்த நெடிய விண்வெளிக் கதையைப் பொம்மைகளின் மூலம் சொல்லிய இந்த விளையாட்டின் வெற்றிக்குள் சில விஞ்ஞான உண்மைகள் அடங்கியிருக்கின்றன.

முதலில் அந்தக் கட்டையைக் கவனிப்போம். டென்மார்க் தேசத்துப் பில்லுண்ட் என்ற சிற்றூரில், 1932-இல், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் தொடங்கிய பொம்மைத் தொழில், 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கமாகிய 'லெகோ' என்ற பெயரைத் தாங்கி வளர்ந்தது. மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களும் கொண்ட இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்த நாள் 1958 ஜனவரி 28. ஒரு கட்டையின் குமிழ், அடுத்த கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் இடையே சற்று நெருக்கமாகவே நுழைகிறது. பிளாஸ்டிக் இம்மியளவு விரிந்து, பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது குமிழை இறுகப் பற்றுகிறது. பசையின்றி, ஆணியின்றி, உராய்வு ஒன்றினாலேயே நிற்கும் இந்தப் பிடி, குழந்தையின் விரல் இழுத்தால் விடவும் வேண்டும், இழுக்காதபோது விடாமலும் இருக்க வேண்டும். அத்தகைய நுட்பமான சமநிலைக்காக, குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்ற அளவுகள் வழுவாமல் காக்கப்பட்டு வருகின்றன. ஆகையால், 1958-இல் வார்த்த கட்டையும் இவ்வாண்டு வார்த்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இத்தகைய பொருளைத் திரையில் தீட்டுவதற்குக் கணினி இயல்பாகவே தகுதி பெற்றிருந்தது. வியட்நாமில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த புயி துவாங் ஃபாங் என்பவர், ஒரு பொருளின்மீது விழும் ஒளியை மூன்று கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை 1975-இல் வெளியிட்டார். எங்கும் பரந்த மெல்லொளி, மேற்பரப்பில் பட்டுச் சிதறும் ஒளி, ஒரு புள்ளியில் பளிச்சிடும் ஒளி ஆகியவையே அம்மூன்று. அவ்வாண்டிலேயே இளம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய சூத்திரமோ, நேராகவும் கிளைவடிவங்களாகவும், பல்லாண்டுகள் கணினிச் சித்திரங்களுக்கு ஆதாரமாக விளங்கியது. அதற்கு ஒரு குறை சொல்லப்பட்டதுண்டு: எதைத் தீட்டினாலும் பிளாஸ்டிக்கைப் போலவே தோன்றும். மனிதச் சருமத்தில் ஒளி உள்ளே புகுந்து, பரவி, வேறிடத்தில் வெளிவருகிறது. அந்த மென்மையைக் கணக்கிடுவது கடினம். ஆனால் தீட்ட வேண்டிய பொருளே பிளாஸ்டிக் என்றாகிவிட்டால், அந்தக் குறை குணமாகிவிடுகிறதல்லவா? கணினியால் மட்டுமே உருவான முதல் முழுநீளத் திரைப்படம் 1995-இல் பொம்மைகளின் கதையாக அமைந்ததற்கும் இது ஒரு காரணம்.

லெகோவின் சுபாவத்தை 'லெகோ ஸ்டார் வார்ஸ்' விளையாட்டின் விதிகளிலும் கொண்டுவந்ததே ஆக்கியோரின் தனித்திறமை. வீரனுக்கு நான்கு இதயங்கள். அவை தீர்ந்தால் அவன் துண்டு துண்டாகச் சிதறுகிறான், சேர்த்துவைத்த குமிழ்க் காசுகளில் சிலவற்றை இழக்கிறான், மறுகணம் முழு உருவத்தோடு திரும்பி நிற்கிறான். ஆட்டம் முடிந்தது என்ற தண்டனை அங்கே இல்லை. பேச்சும் இல்லை, கதை முழுவதும் அபிநயத்தாலும் முனகலாலும் நடக்கிறது. முதல் விளையாட்டில், கதையில் மாயசக்தி படைத்த ஜெடை வீரர்கள் முதலியோரால் மட்டுமே, தங்கள் சக்தியைக் கொண்டு கட்டைகளைக் கூட்ட முடிந்தது. 2006-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சாதாரணப் பாத்திரங்களுக்கும் கட்டும் உரிமை கிடைத்தது. அக்கதையின் ஒன்பது திரைப்படங்களையும் தழுவி 2022-இல் வெளிவந்த 'ஸ்கைவாக்கர் சாகா'வில் பாத்திரங்கள் பேசின. எனினும், பழைய முனகலை விரும்புவோர்க்காக அதையும் ஒரு தெரிவாக வைத்திருந்தார்கள்.

இத்தனை சிறப்புகளுக்கும் ஓர் எல்லை உண்டு. திரையில் துள்ளும் கட்டைகள், ஆக்கியவர் முன்பே தீர்மானித்த வடிவத்தைத் தவிர வேறெதுவாகவும் ஆவதில்லை. பாலம் என்றால் பாலம்தான். கையிலுள்ள கட்டைகளின் கணக்கோ வேறு. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்றை 1,060 விதமாக. ஆறை எத்தனை விதமாக என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எண்ணிப் பார்த்தபோது கிடைத்த விடை 91,51,03,765.

குழந்தை திரையில் விளையாடட்டும். உடைந்தது மீண்டும் கூடும் என்ற நம்பிக்கையை அங்கே பெறட்டும். அதன்பின் திரையை அணைத்து, ஆறே ஆறு கட்டைகளை அதன் கையில் கொடுங்கள். முன்கூட்டி யாரும் தீர்மானிக்காத வடிவம் அங்கேதான் பிறக்கும்.