கியூ கோல் கடைசல்: கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு



மர வேலையில் நாட்டமுள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நுணுக்கமான கைத்தொழில் இது. ஸ்னூக்கர், பூல் ஆட்டங்களில் பந்தைத் தட்டும் கோலே 'கியூ'. ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் தோன்றியது. 1882-ல் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதப்பட்டதாகச் சொல்வார்கள்.

பூல் கோல் சுமார் 58 அங்குல நீளம்; எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். முன்பாகம் பெரும்பாலும் மேப்பிள் மரம். 12, 13 மில்லிமீட்டர் நுனியில் தோல் ஒட்டுவார்கள். ஆடுபவரின் கைக்கு ஏற்ப எடையையும் நுனியையும் அமைத்துக் கொடுப்பதில்தான் கைவினைஞரின் மதிப்பு.

சூட்சுமம் கடைவதில் பாதி, காத்திருப்பதில் பாதி. நன்கு காய்ந்த, நேரான ரேகையுள்ள மரமும் ஒரே மூச்சில் கடைந்தால் உள்ளிறுக்கம் விடுபட்டு வளையக்கூடும். ஆகவே சிறிது கடைந்து, சில வாரம் தொங்கவிட்டு, மறுபடி கடைய வேண்டும். சமதளத்தில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததைப் பாலிஷ் போட்டு மறைத்து விற்பது மோசடி, ஒதுக்கிவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் கியூவில் இறங்க வேண்டாம். மரச் சொப்புச் சாமான்களுக்குப் பேர்போன அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்தான். அதுபோன்ற கடைசல் வேலையில் முதலில் கை பழகட்டும். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். தொங்கும் சட்டைக்கை ஆபத்து.

பணம் வைத்து ஆடுவது சூது; அதற்குத் துணைபோகக் கூடாது. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டவர்கள். அத்தகைய ஹலாலான சம்பாத்தியத்தை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக, ஆமீன்.