அரசு கம்ப்யூட்டரும் நம் கடைக் கம்ப்யூட்டரும்



நம் உறுப்பினர் பலரது கடைகளில் இன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. கல்லாச் சாவியை இடுப்பை விட்டு இறக்காத நாம், கம்ப்யூட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிப்பதில்லை. யோசிக்காததால் நாங்கள் பட்ட நஷ்டத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் மருமகன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். 2020-ஆம் ஆண்டு ஒரு நாள் அலுவலக லேப்டாப்புடன் வீட்டுக்கு வந்திருந்தார். “மருமகனே, கடைக் கணக்கு இந்தப் பென் டிரைவில் இருக்கு. உங்க லேப்டாப்பில் போட்டுக் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்க” என்றோம்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. இது என்னோடது இல்ல, ஆபீஸ் கொடுத்தது. வெளிப் பென் டிரைவ் போடக்கூடாது. புதுசா ஒரு புரோகிராம் ஏத்தணும்னாக்கூட என்னால முடியாது, அட்மின் பாஸ்வேர்டு ஆபீஸில்தான் இருக்கு” என்றார்.

சொந்த மாமனுக்கு இதுகூடச் செய்யமாட்டாரா என்று அன்று எங்களுக்கு வருத்தமே. மறு ஆண்டே அவர் சொன்னதன் அருமை புரிந்தது.

2021 மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு கணக்கும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் திறந்துவிடுவோம் என்று திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. முந்தின நாள் பில் போடும் பையன் சினிமாப் பாட்டு கேட்க யாரோ கொடுத்த பென் டிரைவைச் செருகியிருக்கிறான். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே கணக்கு. அதுவும் சகல அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு. அதன் பாஸ்வேர்டைத் திரையின் ஓரத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தோம். பேக்கப் எடுக்கும் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தோம். ஆகவே அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது.

பணம் கட்டினாலும் கணக்கு திரும்பும் என்று உறுதியில்லை என்பதால் நாங்கள் கட்டவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைகளுக்குப் போட்ட பில் விவரம் ரிட்டன் தாக்கல் செய்த மாதங்கள் வரை போர்ட்டலில் கிடைத்தது. பதிவு இல்லாத சிறு கடைகளுக்கு விற்றதில் மொத்தத் தொகைதான் அதில் இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது எந்தப் போர்ட்டலிலும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு பேரேடு எதற்கு என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லி நிறுத்தியவர்களும் நாங்கள்தான்.

செய்தி தெரிந்ததும் சில்லறைக் கடைக்காரர்கள் பலர் தங்கள் சிட்டையுடன் வந்து, “அண்ணாச்சி, நாங்க தரவேண்டியது இவ்வளவு, எழுதிக்கோங்க” என்று தாமாகவே சொன்னார்கள். அந்த நன்றியை மறக்கமாட்டோம். சிலர் வரவில்லை. அவர்களிடம் கேட்க எங்கள் கையில் ஏடு இல்லை.

அரசு அலுவலகத்தில் இது எப்படித் தடுக்கப்படுகிறது என்று பிறகு மருமகனிடம் விவரமாகக் கேட்டோம். 1976-இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம் மத்திய அரசின் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கிறது. அது 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கென்று விதிமுறைகள் வெளியிட்டது. அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கில்தான் செய்யவேண்டும். அட்மின் அதிகாரம் தனி ஒப்புதல் இருந்தால்தான் கிடைக்கும். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்கவேண்டும், 45 நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். திருட்டு சாஃப்ட்வேர் கூடாது. எனி டெஸ்க், டீம் வியூவர் போன்று தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம்களை அனுமதியின்றி வைக்கக்கூடாது. இருக்கையை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டவேண்டும்.

இவற்றின் சாரம் ஒன்றே. கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் வேறு, அதன் சாவியை வைத்திருப்பவர் வேறு. சாதாரணக் கணக்கில் இருப்பவர் தவறான ஒன்றைத் திறந்துவிட்டாலும், கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றும் அதிகாரம் அதற்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் திறக்கக்கூடிய கோப்புகள் பாழாகலாம். அதனால்தான் பேக்கப் தனியே வேண்டும். அலுவலகத்தில் இதையெல்லாம் பார்க்க ஆள் உண்டு. நம் கடையில் அந்த ஆள் நாமேதான்.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பவை:

1. இரண்டு கணக்கு. பில் போடும் பையனுக்குச் சாதாரணக் கணக்கு. அட்மின் பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். நமக்கு ஒன்று ஆனால் பிள்ளைகள் தவிக்கக்கூடாது.

2. இரண்டு டிஸ்க். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், நாள் மாற்றி நாள். பேக்கப் எடுத்ததும் கழற்றிவிடவேண்டும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறோம். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததே.

3. சர்வீஸ்காரர் தூரத்திலிருந்து வேலை பார்த்தால் முடியும்வரை ஒருவர் அருகில் இருக்கிறோம். முடிந்ததும் அந்த இணைப்பை நீக்கிவிடுகிறோம்.

4. அப்டேட் கேட்டால் தள்ளிப்போடுவதில்லை. கடை மூடும் நேரத்தில் போடுகிறோம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதை வைத்திருப்போர் அடுத்த பதிப்புக்கு மாறுவது பற்றி விசாரிக்கவும்.

5. மிளகாய், மாவு, சாக்குத் தூசி கம்ப்யூட்டரின் விசிறியை அடைத்துச் சூடேற்றும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் தூசி தட்டுகிறோம். எலி கடிக்காதபடி வயர்களைத் தரையில் விடுவதில்லை. யு.பி.எஸ். கட்டாயம்.

6. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு ஃபைலில் வைக்கிறோம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கவேண்டும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று கையை விரித்து நிற்க முடியாது. கம்ப்யூட்டர் வழி மோசடியில் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவும். தாமதித்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம்.

மேலே சொன்னவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு டிஸ்க் வாங்கும் காசும், கடை கட்டும்போது பத்து நிமிடமும் போதும். நாங்கள் இழந்த பாக்கியோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. இன்று இரவு கடை கட்டும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை கணக்கு இருக்கிறது, பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும், பேக்கப் டிஸ்க் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.